கறிவேப்பிலையில் பெயர் பதித்த தரங்கம்பாடி மருத்துவர்

காஞ்சிபுரம் மாவட்டம் வாலாஜாபாத் வட்டத்தில் உள்ளது தென்னேரி. மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று இந்த ஊரில்தான் இருக்கிறது. திரையன் ஏரி என்பதே மருவித் தென்னேரி ஆனது என்பார்கள். திரையன் என்பது காஞ்சியில் இருந்து தொண்டை நாட்டை ஆண்ட இளந்திரையன். அவனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படையில், வழிப்போக்கனான பாணனுக்குக் கிடைக்கும் சாப்பாடு பற்றி ஓர் இடம் வருகிறது. பசு வெண்ணெயில் மாதுளம் பிஞ்சை வேகவைத்து, மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் சேர்த்த கறி அது. கறிவேப்பிலைக்கு அதில் உள்ள பெயர் கஞ்சகம்.

வட்டத் தலைநகரான வாலாஜாபாத்தின் பெயருக்கு வேறு வரலாறு. ஆற்காடு நவாப் முகமது அலியின் பட்டப்பெயர் வாலாஜா. அந்தப் பெயரில் அமைந்த ஊர் அது. இந்த நவாபிடம் சம்பளம் வாங்கிச் செடி தேடி அலைந்த ஒரு வெளிநாட்டு மருத்துவரின் பெயர்தான், இன்று உலகம் முழுவதும் கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேளாண் கையேடுகளில் முர்ராயா கோனிகி என்று பார்த்திருப்பீர்கள். அந்தக் கோனிகி, ஜோஹான் கெர்ஹார்டு கோனிக் என்ற மனிதரைக் குறிக்கிறது.

பனித் தீவில் தொடங்கிய தேடல்

கோனிக் 1728-ல் பிறந்தார். பிறந்த இடம் இன்றைய லாத்வியா நாட்டில் உள்ளது. 1757-ல் சுவீடனுக்குப் போய் லின்னேயஸிடம் மாணவராகச் சேர்ந்தார். செடிக்கும் விலங்குக்கும் இரண்டு சொல்லில் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டியவர் லின்னேயஸ். அவர் உப்சாலா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியர் என்பது பலருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் மருத்துவம் படிப்பவர்கள் செடிகளைப் படித்தே ஆக வேண்டும். மருந்து என்றாலே பெரும்பாலும் இலையும் வேரும் பட்டையும்தான். அங்கும் நம் சித்த வைத்தியர் வீட்டுக்கும் அந்த வகையில் பெரிய வித்தியாசம் இல்லை.

லின்னேயஸ் தன் மாணவர்களை உலகின் மூலைமுடுக்கெல்லாம் அனுப்பினார். அவர்களில் சிலர் ஏமனிலும் வெனிசுலாவிலும் காய்ச்சலில் மடிந்தார்கள். கோனிக்குக் கிடைத்த முதல் வேலை ஐஸ்லாந்து. டென்மார்க் அரசின் கீழ் இருந்த அந்தப் பனித் தீவில் 1764, 1765-ம் ஆண்டுகளில் செடி சேகரித்தார். நெல்லும் கோதுமையும் விளையாத நாடு அது. கல்லில் படரும் பாசியையும் கடல்பாசியையும் உணவாகவும் மருந்தாகவும் வைத்துக்கொண்டு அந்த மக்கள் காலம் தள்ளினார்கள்.

அங்கே பார்த்தது அவர் மனதில் நின்றுவிட்டது. பின்னாளில், 1773-ல், கோபன்ஹேகனில் டாக்டர் பட்டத்துக்கு அவர் கொடுத்த ஆய்வின் தலைப்பே அதைச் சொல்லும். ஒரு வட்டாரத்தில் நிலைகொண்ட நோய்களை விரட்ட அந்த வட்டாரத்து மருந்துகளுக்கு உள்ள ஆற்றல் பற்றியது அந்த ஆய்வு. நம் ஊர்ப் பெரியவர் யாரிடம் கேட்டாலும் இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார். ஆனால் கப்பலில் மருந்துப் பெட்டி வரவழைத்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஐரோப்பியர்களுக்கு அது சுலபமாக ஒப்புக்கொள்ளக்கூடிய கருத்தாக இல்லை.

தரங்கம்பாடிக்கு வந்த பிறகு

1768-ல் கோனிக் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். வரும் வழியில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கப்பல் நின்றபோதும் செடி பார்த்தார். தரங்கம்பாடி 1620 முதல் டென்மார்க்காரர்களின் ஊர். அங்கே 1706 முதல் இயங்கிய மிஷனுக்கு மருத்துவராக வந்தார் அவர். அந்த மிஷனில் அவருக்கு முன்பிருந்தவர்களும் தமிழ் வைத்தியத்தைக் கவனித்திருக்கிறார்கள். கிருண்ட்லர் என்ற பாதிரியார் 1710-களின் தொடக்கத்திலேயே நம் வைத்தியம் பற்றி ஜெர்மன் மொழியில் எழுதி வைத்தார். ஜெர்மனியில் உள்ள ஹாலே நகரில் இருந்து மிஷனுக்குக் கப்பலில் மருந்து வரும். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் வர வேண்டும். அதை மட்டும் நம்பி இங்கே வைத்தியம் பார்ப்பது எப்படி முடியும்?

கோனிக் சுற்றினார். பார்த்த செடியைப் பறித்து, தாளுக்கு நடுவில் வைத்து அழுத்தி, காயவைத்து, குறிப்பு எழுதி லின்னேயஸுக்கு அனுப்பினார். சோழமண்டலக் கரையின் ஈரக்காற்றில் இது லேசான வேலை இல்லை. ஒரு நாள் தாள் மாற்றத் தவறினால் பூஞ்சணம் பிடித்துவிடும். மீதியைக் கரையானும் வண்டும் பார்த்துக்கொள்ளும். தப்பிப் போய்ச் சேர்ந்தவற்றில் ஒன்று கறிவேப்பிலை. 1771-ல் லின்னேயஸ் அதற்கு பெர்கெரா கோனிகி என்று பெயர் வைத்து அச்சிட்டார். அனுப்பிய மாணவரின் பெயர் இப்படித்தான் செடியில் ஏறியது.

ஈசல் பானை

கரையான் பற்றி கோனிக் எழுதிய கட்டுரை விவசாயிகளுக்கு ரொம்பவே பிடிக்கும். தஞ்சைப் பக்கத்தில் புற்றுகளைத் தோண்டிப் பார்த்து அவர் எழுதிய அது, 1779-ல் பெர்லினில் வெளியானது. அதில் மக்கள் ஈசல் பிடிக்கும் முறையை விவரமாகச் சொல்கிறார். ஈசல் கிளம்பும் முன்பே புற்றில் இரண்டு துளை போடுவார்கள். காற்று அடிக்கும் பக்கத்துத் துளையில் நாற்றமடிக்கும் பொருளைக் கொளுத்திப் புகை போடுவார்கள். எதிர்ப்பக்கத் துளையில் பானையின் வாயைப் பொருத்துவார்கள். புகை தாங்காமல் ஈசல் எல்லாம் பானைக்குள் வந்து விழும். சில நேரம் நல்ல பாம்பும் சேர்ந்து வந்துவிடும் என்பதால் பானையை எடுக்கும்போது கவனம் வேண்டும் என்கிறார். பிடித்த ஈசலை மாவோடு சேர்த்துப் பண்டம் செய்து ஏழைகளுக்கு மலிவாக விற்றார்களாம். தாய்க் கரையானை உயிரோடு கிழவர்களுக்குக் கொடுப்பார்கள், இடுப்புக்குப் பலம் என்று நம்பினார்கள் என்பதும் அதில் உள்ளது.

அந்தப் பானையின் உள்பக்கத்தில் முன்கூட்டியே ஓர் இலையைத் தேய்த்து வைப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். அந்த இலை பெர்கெரா, அதாவது கறிவேப்பிலை. ஐரோப்பாவில் லாரல் இலைக்கு இருப்பதைவிட இங்கே இதற்கு மதிப்பு அதிகம் என்றும் குறிப்பிடுகிறார். லாரல் என்பது நம் பிரிஞ்சி இலை போல அவர்கள் சமையலில் போடும் வாசனை இலை.

புற்றோரம் உட்கார்ந்து, பானையில் இலை தேய்ப்பது வரை பார்த்து எழுதியவர் அவர். ஆனால் அதைக் காட்டிக் கொடுத்தவர் யார்? எந்த ஊர்? அவர் பெயர் என்ன? கட்டுரையின் பலனாக உலகத்துக்குத் தெரிந்தது கோனிக்கின் பெயர் மட்டும்தான். இது அந்தக் காலத்து வழக்கம் என்று தள்ளிவிடவும் முடியாது. அதற்கு ஏறக்குறைய 100 ஆண்டுகளுக்கு முன்பே, 1678 முதல் அச்சான கேரளத்துச் செடிகள் பற்றிய ஹோர்த்துஸ் மலபாரிகஸ் நூலில், தகவல் சொன்ன இட்டி அச்சுதன் வைத்தியரின் வாக்குமூலமும் ரங்கபட்டர், அப்புபட்டர், விநாயக பண்டிதர் ஆகியோரின் பெயர்களும் அச்சாகியிருக்கின்றன. மனம் இருந்தால் வழி இருந்திருக்கிறது.

நவாபிடம் வேலை, பிறகு கம்பெனி

மிஷன் சம்பளம் ஊர் சுற்றப் போதவில்லை. 1774-ல் கோனிக் ஆற்காடு நவாபிடம் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். வேலூர், ஆம்பூர் மலைகளில் ஏறி இறங்கினார். 1776-ல் நகரி மலைகளுக்குப் போனார். இலங்கைக்கும் போய் வந்தார். ஆனால் நவாபின் நிலை அப்போது அவ்வளவு நன்றாக இல்லை. கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. செங்கல்பட்டுச் சீமையையே 1763-ல் கிழக்கிந்திய கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்துவிட்டிருந்தார். அப்படிப்பட்டவரை நம்பிச் செடி தேட முடியாது என்று தெரிந்த கோனிக், சென்னையில் கம்பெனியிடம் விண்ணப்பித்தார். 1778 ஜூலையில் கம்பெனி அவருக்குச் சம்பளம் கொடுக்க ஒப்புக்கொண்டது.

கம்பெனிக்கு மூலிகை மேல் பாசம் ஒன்றும் இல்லை. சாயம், ஏலம், மிளகு, பிசின் என்று விலை போகும் சரக்கு எங்கே விளைகிறது என்று தெரிய வேண்டும். அதற்குச் செடி தெரிந்த ஆள் வேண்டும். அந்தக் கணக்கில்தான் அவரை 1778-ல் மலாக்காவுக்கும் சியாமுக்கும் அனுப்பினார்கள். சியாம் என்பது இன்றைய தாய்லாந்து. 1779-ல் சில மாதங்கள் புக்கெட் தீவில் தங்கிச் செடி சேகரித்தார்.

அந்தப் பயணத்தில் அவர் செய்த பெரிய வேலை இஞ்சி, மஞ்சள் குடும்பத்துச் செடிகளை விவரித்தது. மஞ்சள் பயிரிடுபவர்களுக்குத் தெரியும், அதன் பூ எவ்வளவு மெலிது என்று. தாளில் வைத்து அழுத்தினால் கூழாகிவிடும். ஐரோப்பாவில் உட்கார்ந்து காய்ந்த செடியைப் பார்த்தவர்களால் இந்தக் குடும்பத்தைப் பிரித்தறிய முடியவில்லை. கோனிக் செடி இருக்கும் இடத்திலேயே, பூ பச்சையாக இருக்கும்போதே, இதழ் இதழாகப் பார்த்து எழுதினார். அந்த விவரங்களை சுவீடன் பேராசிரியர் ரெட்சியஸ் 1783-ல் அச்சிட்டார். நீரோரம் வெள்ளைப் பூவும் வாசமுமாக வளரும் இஞ்சிப்பூச் செடிக்கு ஹெடிசியம் கொரோனேரியம் என்ற பெயர் அதில் கிடைத்தது. மலையடிவாரங்களில் படிக்கட்டுபோல் சுழன்று வளரும் காஸ்டஸ் செடியும் அதில் உண்டு.

இந்தக் காஸ்டஸ் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தமிழில் இதையும் கோஷ்டம் என்கிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் கோஷ்டம் கேட்டால் கிடைப்பதோ இமயமலைப் பக்கம் விளையும் வேறொரு செடியின் வேர். நர்சரிகளில் இன்சுலின் செடி என்று விற்பது மூன்றாவது. அது பிரேசிலில் இருந்து வந்த உறவுக்காரச் செடி. மூன்றும் ஒன்றல்ல. இன்சுலின் செடியின் இலையைத் தின்றுவிட்டுச் சர்க்கரை மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பார்க்கும்போது, இந்தப் பெயர்க் குழப்பம் வெறும் புத்தகச் சண்டை இல்லை என்று புரியும்.

அரக்கு வைத்து ஒட்டிய கிளை

கோனிக் பெயரோடு சேர்ந்த இன்னொரு குழப்பமும் உண்டு. குடம்புளியின் இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தில் இருந்து மஞ்சள் நிறப் பால் வடியும். ஓவிய வண்ணமாகவும் கடும் பேதி மருந்தாகவும் அதற்கு ஐரோப்பாவில் நல்ல கிராக்கி. எந்த மரத்தில் அது கிடைக்கிறது என்று அங்கே யாருக்கும் தெளிவாகத் தெரியாது. கோனிக் மூலம் போன மாதிரியை வைத்து அதற்கு ஒரு புதிய பெயரும் சூட்டினார்கள். பல ஆண்டுகள் மருந்துப் புத்தகங்களில் அந்தப் பெயர் ஓடியது. பிற்பாடு லண்டனில் அந்த மாதிரியைக் கூர்ந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு வேறு மரங்களின் துண்டுகளை அரக்கு வைத்து ஒட்டி ஒரே கிளை போல ஆக்கியிருக்கிறார்கள்.

அது ஏமாற்று வேலையா, பயணத்தில் ஒடிந்த கிளைகளைச் சேர்த்தபோது நேர்ந்த தவறா என்று அந்தத் தாள் சொல்லாது. மூலிகை நாற்று வாங்கும் விவசாயிகளுக்கு இது புதுக்கதையும் அல்ல. பூத்துக் காய்க்கும் வரை காத்திருந்து, வேறு செடி என்று கண்டு, அறுவடைக்கு வாங்குவதாகச் சொன்னவர் கைவிரித்துவிட்டுப் போன கதை ஊருக்கு ஒன்று இருக்கும். நாற்று எடுக்கும் முன் தாய்ச்செடியைப் பூவோடு பார்த்து, தெரிந்த தாவரவியல் ஆசிரியர் ஒருவரிடமோ தோட்டக்கலை அலுவலரிடமோ காட்டிவிடுவது நல்லது.

கடைசிப் பயணம்

சியாமில் இருந்து கோனிக் திரும்பிய 1780-ல் தொண்டை நாடு பற்றி எரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 10-ல் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் ஹைதர் அலியின் படை கம்பெனிப் படையை நொறுக்கியது. அடுத்த ஆண்டுகளில் போரோடு பஞ்சமும் சேர்ந்துகொண்டது. ஊர்கள் காலியாயின. இந்தச் சூழலிலும் தரங்கம்பாடியில் கோனிக்கைச் சுற்றி ஒரு சிறு குழு உருவாகியிருந்தது. ஜான், ராட்லர் ஆகிய பாதிரியார்கள் அதில் முக்கியமானவர்கள். செடிகளை ஐரோப்பாவுக்கு அனுப்பிப் பெயர் கேட்டுக் காத்திருக்காமல், இங்கேயே ஒப்பிட்டுப் பார்த்துப் பெயர் வைக்கப் பழகினார்கள்.

ராட்லர் பின்னாளில் தமிழ் - ஆங்கில அகராதி தொகுத்தவர். நம் பட்டுத் தொழிலோடும் அவர் பெயருக்கு ஒரு தொடர்பு உண்டு. கபிலப்பொடி என்ற சிவப்புப் பொடி, பட்டுக்கு ஆரஞ்சு சாயம் ஏற்றவும் குடல் புழு நீக்கவும் பயன்பட்டது. அந்தப் பொடியைத் தரும் மரத்துக்கு ராட்லர் பெயரைச் சூட்டினார் ராக்ஸ்பர்க். இன்று அந்த மரத்தின் அறிவியல் பெயர் மாறிவிட்டது.

இந்த ராக்ஸ்பர்க், கம்பெனியின் மருத்துவர். கோனிக்கிடம் செடி கற்றவர். கிழக்கு கோதாவரிப் பக்கம் சாமர்லகோட்டாவில் இருந்தார். 1784-ல் கோனிக் கல்கத்தா போகக் கிளம்பினார். வழியில் விசாகப்பட்டினத்தில் பாட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவரைச் சந்தித்தார். கல்கத்தாவில் இருந்து திரும்பும்போது அவருக்குச் சீதபேதி கண்டது. ராக்ஸ்பர்க் வந்து வைத்தியம் பார்த்தார். பலிக்கவில்லை. 1785 ஜூன் 26-ல் காக்கிநாடா அருகே ஜெகந்நாதபுரத்தில் கோனிக் இறந்தார். வயது 56.

பச்சைக் கறிவேப்பிலையை மென்று தின்பது அந்தக் காலத்தில் சீதபேதிக்கு மக்கள் வைத்திருந்த கைவைத்தியம். பின்னால் வந்த ஆங்கிலேயர்களின் மருந்து நூல்களிலும் அது பதிவாகியிருக்கிறது. கடுமையான சீதபேதியை நிறுத்த அது போதாது. இன்று உப்பு, சர்க்கரைக் கரைசலைக் கொடுத்தபடி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கோனிக் காலத்தில் ஐரோப்பிய வைத்தியத்திலும் அதற்குச் சரியான மருந்து இல்லை.

சொந்தமாக ஒரு புத்தகம்கூட அச்சிட்டுப் பார்க்காமல் போனவர் அவர். குறிப்புகள் எல்லாவற்றையும் லண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதி வைத்துவிட்டார். சியாம் பயண நாட்குறிப்பு அச்சேறியது 1894-ல், அவர் இறந்து 100 ஆண்டுகளுக்குப் பிறகு. அவருடைய கம்பெனி வேலை ரஸ்ஸலுக்குப் போனது. ராக்ஸ்பர்க் 1795-ல் தொடங்கி மூன்று தொகுதிகளாக, 300 வண்ணப் படங்களுடன் வந்த சோழமண்டலக் கரைச் செடிகள் என்ற நூலால் புகழ் பெற்றார். படங்களை வரைந்தவர்கள் நம் நாட்டு ஓவியர்கள். அவர்கள் பெயரும் அதில் இல்லை.

பதிவேட்டில் யார் பெயர்?

பெயர் விடுபட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். 1995-ல் அமெரிக்காவில், காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கே காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமம் பழைய நூல் ஆதாரங்களைக் காட்டி வாதாடி, 1997-ல் அது ரத்தானது. எழுத்தில் இருந்ததால் மீட்க முடிந்தது. ஈசல் பானையில் கறிவேப்பிலை தேய்த்தவர்போல வாய்வழியே அறிந்து வைத்திருப்பவர்களிடம் காட்ட என்ன இருக்கிறது?

2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். எந்தச் செடி, ஊர்ப் பெயர் என்ன, எதற்குப் பயன்படுகிறது, யாருக்குத் தெரியும் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். பல இடங்களில் இது மேசையில் உட்கார்ந்து நிரப்பும் படிவமாகிவிடுகிறது. ஏரிக்கரையில் மாடு மேய்ப்பவரையும் பிள்ளை பெற்றவளுக்குப் பத்திய மருந்து அரைக்கும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு கரையில் ஒரு நடை நடந்தால் படிவம் தானாக நிரம்பும். விரிவாக்கப் பணியாளர்கள் அந்த நடையில் ஒரு பழைய செய்தித்தாள் கட்டும் பென்சிலும் எடுத்துப் போகலாம். கோனிக்கிடம் இருந்த கருவியும் ஏறக்குறைய அவ்வளவுதான். சொன்னவர் பெயரை அவர் சம்மதத்தோடு எழுதிக்கொள்ள வேண்டும். பெயர் வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிட வேண்டும்.

கறிவேப்பிலைக்கு வருவோம். எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த செடி இது. எலுமிச்சையைத் தின்னும் அதே வண்ணத்துப்பூச்சிப் புழுவும் சாறு உறிஞ்சும் சைலிட் பூச்சியும் இதையும் விடாது. விதை போடுவதாக இருந்தால் பழுத்துக் கறுத்த பழத்தின் சதையை நீக்கி உடனே விதைக்க வேண்டும். காயவைத்து எடுத்து வைத்தால் முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும். ஐரோப்பாவுக்கு இந்தச் செடி உயிரோடு போகாமல் தாளில் காய்ந்து போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

லின்னேயஸ் வைத்த பெர்கெரா என்ற முதல் பெயரை 1825-ல் ஸ்ப்ரெங்கல் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் மாற்றி, முர்ராயா இனத்தில் சேர்த்தார். முர்ரே என்பவரும் லின்னேயஸின் மாணவர்தான். சுமார் 200 ஆண்டுகள் அதுவே வழங்கியது. அண்மைக் காலத்தில் தாவரவியலாளர்கள் மறுபடியும் பெர்கெராவுக்கே திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். நம் கையேடுகளில் இன்னும் முர்ராயா என்றே இருக்கிறது. எந்தப் பெயரில் தேடினாலும் பின்னால் வரும் கோனிகி மட்டும் மாறவில்லை. கஞ்சகம் என்ற பெயர் எந்தக் கையேட்டிலும் இல்லை.